நன்றிப் பத்தியில் இருந்தவள்

ஜீனத் எஷிம்பெக்கோவாவின் பெயர் முப்பத்தொரு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே இடம்தான்: கடைசிப் பக்கத்தில், 'நன்றி' என்று தொடங்கும் பத்தி. அந்தப் பத்தியில் அவளுக்கு முன்னால் ஜீப் ஓட்டியவர் இருப்பார், பின்னால் கூடாரம் வாடகைக்கு விட்டவர் இருப்பார். ஒரு ஜப்பான்காரர் தன்னைச் சுமந்த குதிரைக்கும் பெயர் சொல்லி நன்றி எழுதியிருந்தார். குதிரைக்கு அவளைவிட ஒரு படி மேலே இடம். அந்தக் கட்டுரையை வகுப்பில் காட்டி அவளே முதலில் சிரிப்பாள். பிள்ளைகள் சிரித்து ஓய்ந்த பிறகும் அந்தப் பக்கத்தை மூட அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

அக்-கெச்சூ பல்கலைக்கழகத்தில் அவள் புவியியல் ஆசிரியை. பல்கலைக்கழகம் என்றால் இரண்டு மாடிக் கட்டடம், நிலக்கரி போட்டால் மட்டும் சூடாகும் குழாய்கள், நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். கிர்கிஸ் நாட்டுத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வருகிறவர்கள் அதை 'உங்கள் பள்ளிக்கூடம்' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். ஆனால் ஜூன் மாதம் வந்துவிட்டால் மலைக்கு மேலே போகிற எந்த வெளிநாட்டு ஆராய்ச்சியாளரும் ஜீனத் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் போனதில்லை. அனுமதிச் சீட்டு, குதிரை, சமையல், வயிற்றுப்போக்குக்கு மாத்திரை, பேச்சுக்கு மொழிபெயர்ப்பு எல்லாம் அவள்தான். பனிக்கட்டி பார்க்க வந்தவர், பூச்சி பிடிக்க வந்தவர், ஓநாய் எச்சத்தைப் பொறுக்க வந்தவர் என்று ஒருவரையும் அவள் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை.

எல்லாம் யித்காவோடு தொடங்கியது. இரண்டாயிரத்து ஆறில் செக் நாட்டிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி அவள். வயது இருபத்தேழு, முதுகில் அவளைவிடப் பெரிய மூட்டை, வாயில் தட்டுத்தடுமாறும் ரஷ்ய மொழி. மேய்ச்சல் புல்லைப் படிக்க வந்தவள் பதினொரு வாரம் ஜீனத் வீட்டில் தங்கினாள். இருவருமாகச் சாரி-தாலா மேய்ச்சல் வெளியில் பதினான்கு கட்டங்கள் அளந்து இரும்பு முளை அடித்தார்கள். எந்தக் கட்டத்தில் என்ன புல், எத்தனை கராகன் முட்புதர் என்று குப்புறப் படுத்து எண்ணினார்கள். எங்கே முளை அடிப்பது என்று சொன்னவள் ஜீனத். மேட்டிலிருந்து முள் கீழே இறங்குகிறது, இன்னும் இருபது வருடத்தில் இந்த வெளியில் குதிரை கால் வைக்க முடியாது என்று சொன்னவளும் அவள்தான். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது.

கட்டுரை எழுதி முடித்த யித்கா ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் நேராகவே கேட்டாள்.

"அக்கா, பேரெல்லாம் எப்படிப் போடணும்? உன் பேரு, உங்க பல்கலைக்கழகத்துப் பேரு..."

"எங்க பேரு எதுக்கு? பிஷ்கெக் பல்கலைக்கழகத்துப் பெரியவரு பேரைப் போடு, விசா கடிதத்துக்கு முத்திரை குத்தினது எசென், அவன் பேரைப் போடு. தலைநகரத்துக்காரங்க."

"ஆனா வேலை நீ செஞ்சே."

"விருந்து வச்ச வீட்டுக்காரி போய் மேலிடத்துல உக்காருவாளா? நீ கறியைச் சாப்பிடு, ஆறிடும்."

கதவுக்கு எதிரே இருக்கும் மேலிடம் பெரியவர்களுக்கும் விருந்தாளிக்கும். வீட்டுக்காரிக்குக் கதவோரம், வெந்நீர் கொதிக்கும் சமோவாருக்குப் பக்கத்தில். எங்கள் ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஆராய்ச்சிக் கட்டுரையும் ஒரு விருந்துதான் என்று அவள் நினைத்துவிட்டாள். அது விருந்தல்ல, பத்திரம் என்று அன்றைக்கு அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. எனக்கு இன்றும் அவள்மீது கோபம் வருகிறது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது.

அதற்குப் பிறகு எல்லாம் அந்தத் தடத்திலேயே போயிற்று. யித்காவின் கட்டுரையைப் படித்தவர்கள் அதில் இருந்த பெயருக்கு எழுதினார்கள். அந்தப் பெயர் எசென். எசென் ஜீனத்தின் கல்லூரித் தோழன். தலைநகரின் பெரிய பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு உறவுகள் அலுவலகம் அவன் கையில். ஒவ்வொரு கடிதத்தையும் அவன் ஜீனத்துக்குத் தள்ளிவிடுவான், மேலே ஒரே வரி எழுதி: 'ஆள் வர்றாங்க, பார்த்துக்கோ.' வந்தவர்கள் கட்டுரை எழுதும்போது மறக்காமல் எசென் பெயரைச் சேர்த்தார்கள். அதைப் படித்து இன்னும் பத்துப் பேர் எசெனுக்கு எழுதினார்கள்.

ஜீனத் இதற்கெல்லாம் பொறாமைப்படவில்லை. அவளுக்கு இருந்தது வேறு ஆசை. விருந்தாளிகள் போன பிறகும் அவள் வருடம் தவறாமல் ஜூலையில் அந்தப் பதினான்கு கட்டங்களை எண்ணினாள். பத்தொன்பது வருடம். முள் இறங்கிக்கொண்டே இருந்தது. அதைத் தடுக்க மூன்று வழி இருப்பதாக அவள் நம்பினாள்: வேரோடு வெட்டுவது, இளவேனிலில் எரிப்பது, வெள்ளாடு விட்டு மேய்ப்பது. எது பலிக்கும் என்று பார்க்க வேண்டுமானால் வேலி வேண்டும், ஆள் வேண்டும், மூன்று வருடம் நிற்காமல் வரும் பணம் வேண்டும். அந்த ஒரு திட்டத்தை, தன் கேள்வியை, தன் பல்கலைக்கழகத்தின் பெயரில், தானே தலைமை ஏற்றுச் செய்துவிட வேண்டும். வாழ்க்கையில் வேறு எதையும் அவள் இவ்வளவு ஏங்கிக் கேட்டதில்லை. சரியாகச் சொன்னால், இதையும் அவள் தனக்கென்று யாரிடமும் கேட்டதில்லை.

கேட்டதெல்லாம் அவளுடைய நாத்தனார் ஊல்கான்தான். சாரி-தாலாவில் பெண்குதிரைகளைக் கறந்து, பாலைப் புளிக்கவைத்துக் குமிஸ் ஆக்கி, சாலையோரத்திலும் சந்தையிலும் விற்றுப் பிழைப்பவள். ஒரு காலத்தில் நாற்பது குதிரை. முள் இறங்க இறங்கப் புல் குறைந்து, இப்போது பதினாறு. ஒவ்வொரு ஜூலையும் ஜீனத் கட்டங்களுக்கு நடுவில் குப்புறப் படுத்திருக்கும்போது ஊல்கான் இடுப்பில் கைவைத்து வந்து நிற்பாள்.

"என்ன அண்ணி, இந்த வருஷமும் முள்ளுக்கு ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்துட்டியா? ஓட்டு குடுத்துரு அதுங்களுக்கு. அடுத்த தேர்தல்ல அதுங்கதான் ஜெயிக்கும்."

"பேசாம இருடி, எண்ணிக்கை மறந்துடும்."

"உன் துரைமாருங்க காசு எப்ப வரும்?"

"வரும். கேட்டிருக்கேன். அடுத்த வருஷம்னு சொல்றாங்க."

சென்ற குளிர்காலத்தில் அந்த வாய்ப்பு நிஜமாகவே வந்தது. வெளிநாட்டு ஆராய்ச்சி நிதி ஒன்று, மலைநாட்டு மேய்ச்சல் வெளிகளுக்கென்று அறிவிப்பு விட்டிருந்தது. 'அந்தந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களே தலைமை ஏற்க வேண்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஜீனத் அதை மூன்று முறை படித்தாள். பிறகு துறை அறையில் குளிர்மேலாடையைக் கழற்றாமலே உட்கார்ந்து, ஐந்து வாரத்தில் விண்ணப்பத்தை எழுதினாள். வேலி வரைபடம், வெள்ளாட்டுக் கணக்கு, பத்தொன்பது வருடத்துப் புள்ளிவிவரம் எல்லாம் அதில் இருந்தது. எழுதும்போது அவள் முகம் கல்யாணப் பெண்ணின் முகம்போல இருந்தது என்று கொதிகலன் பார்க்கிறவர் ஊரெல்லாம் சொன்னார்.

ஆறாவது பக்கம் வந்தது. 'கூட்டு வலைப்பின்னல்' என்று தலைப்பு. அங்கே எழுத ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயரைக் கொடுத்தால் கணினியே தேடி நிரப்பிக்கொள்ளும். கடந்த பத்து வருடத்தில் சேர்ந்து கட்டுரை எழுதிய வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் குறைந்தபட்சம் இரண்டு இருக்க வேண்டும். அவள் பெயரைக் கொடுத்தாள். ஒரு சின்னச் சக்கரம் சுற்றியது. சுற்றி முடித்து, நடுவில் ஒரு புள்ளியைப் போட்டது. புள்ளியிலிருந்து ஒரு கோடுகூடக் கிளம்பவில்லை. கீழே எழுதியிருந்தது: பூஜ்யம். தகுதி இல்லை.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. எத்தனை நாட்டு ஆட்கள் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறார்கள்! அவர்களில் பாதிப் பேருடைய செருப்பளவு அவளுக்குத் தெரியும். கணினிக்கு மட்டும் அவள் யாரையும் தெரியாதவள். ஒரு யோசனை தோன்றி எசெனுடைய பல்கலைக்கழகத்தின் பெயரைக் கொடுத்துப் பார்த்தாள். திரை முழுக்கக் கோடுகள், பத்தொன்பது நாடுகளுக்கு. அதில் எத்தனை கோடு தன் அடுப்படியிலிருந்து கிளம்பியது என்று பார்த்தவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாளே பிஷ்கெக்குக்கு வண்டி ஏறினாள். எசென் நல்லவன். அது ஒரு தொல்லை. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். சுவர் நிறைய ஒப்பந்தங்களைச் சட்டம்போட்டு மாட்டிய அறையில் அவளை உட்கார வைத்து, பால் விட்ட டீயும் மிட்டாயும் கொடுத்தான்.

"ஜீனத், உண்மையைச் சொல்றேன், கோவிச்சுக்காதே. என் பேருல இருபத்திரண்டு கட்டுரை இருக்கு. ஒண்ணைக்கூட நான் முழுசாப் படிச்சதில்ல. உன் முள்ளைப் பக்கத்துல கொண்டாந்து வச்சாலும் எனக்கு அடையாளம் தெரியாது."

"தெரியும்டா. படிக்கறப்பவே ரெண்டு தடவை செடிப் பாடத்துல கோட்டைவிட்டவன்தானே நீ."

"மூணு தடவை." அவன் விரலைக் காட்டிவிட்டுச் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா பேரைப் போடச் சொன்னது நீதானே? நான் கேட்டேனா?"

அவள் டீயைக் கலக்கினாள். ஏற்கெனவே கலக்கிய டீ.

"இப்ப என்ன செய்யலாம்னு சொல்லு எசென். என் விண்ணப்பம் வாசல்லயே நிக்குது."

"இதே நிதிக்கு நாங்களும் போடறோம். யித்கா இருக்கா, இன்னும் ரெண்டு நாடு இருக்கு. உன்னையும் சேர்த்துக்கறோம். 'வட்டார ஒருங்கிணைப்பாளர்'. சம்பளமும் உண்டு."

"கேள்வி என்ன?"

"எந்தக் கேள்வி?"

"திட்டத்தோட கேள்விடா. முள்ளா?"

எசென் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைப் புரட்டினான். "மண்ணுக்குள்ள கரி, அதான் கார்பன், எவ்வளவு இருக்குன்னு. இப்ப உலகம் பூரா அதைத்தான் கேக்கறாங்களாம். முள்ளைப் பத்தி ஒண்ணும் இல்லையேம்மா."

ஊர் திரும்பும் வழியெல்லாம் அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். தன் பெயர் இல்லாதது பழகிப்போன வலி. ஆனால் இது புதிது. மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள்தான் கேள்வியையும் முடிவு செய்கிறார்கள். கதவோரம் உட்கார்ந்தவளின் கேள்வி டீயோடு சேர்ந்து ஆறிப்போகிறது. பத்தொன்பது வருடம் விருந்து வைத்தது இதற்குத்தானா என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது.

இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் பகலில் யித்காவைக் கணினியில் அழைத்தாள். யித்கா இப்போது பெரிய பேராசிரியை. தலையில் நரை, பின்னால் புத்தக அலமாரி. ஆனால் திரையில் வந்ததும் கிர்கிஸ் மொழியில் "அக்கா" என்றுதான் கூப்பிட்டாள். ஐம்பத்தைந்து வயதில் முதன்முதலாக ஒன்றைக் கேட்கப் போகிறவளுக்கு வார்த்தைகள் எந்த வரிசையில் வரும் என்று தெரியவில்லை.

"யித்கா, எனக்கு என் பேருல ஒரு திட்டம் வேணும். முள்ளைப் பத்தி. எங்க பல்கலைக்கழகத்துப் பேருல."

திரையில் யித்கா அசையாமல் இருந்தாள். இணையம் நின்றுவிட்டதோ என்று ஜீனத் கம்பியை ஆட்டிப் பார்த்தாள். நிற்கவில்லை.

"இதை ஏன் அக்கா நீ முன்னாடியே கேக்கல?"

"எப்படிக் கேக்கறது? நீ விருந்தாளி."

"நான் பத்து வருஷமா ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், ஜீனத் அக்காவைச் சேர்க்கணும்னு. நீதான் ஒவ்வொரு தடவையும் 'எனக்கு எதுக்கு'ன்னே. உனக்கு விருப்பமில்லைன்னு நினைச்சேன். எங்க ஊர்ல வேணாம்னா வேணாம்னுதான் அர்த்தம்."

"எங்க ஊர்ல இன்னும் ரெண்டு தடவை கேளுன்னு அர்த்தம்."

யித்கா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அப்புறம் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தெரிந்ததையெல்லாம் சொன்னாள். இந்தத் திட்டத்தின் கேள்வியை இனி மாற்ற முடியாது. நான்கு நாடுகள் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனால் இனிமேல் வரும் ஒவ்வொரு கட்டுரையிலும் ஜீனத்தின் பெயரும் அக்-கெச்சூவின் பெயரும் இருக்கும், இது சத்தியம். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் கோடுகள் சேர்ந்துவிடும்.

"அடுத்த அறிவிப்பு எப்ப?"

"நாலு வருஷம்."

பெண்களுக்கு எங்கள் நாட்டில் ஐம்பத்தெட்டில் ஓய்வு. பணியில் இருப்பவர்தான் திட்டத்துக்குத் தலைமை ஏற்கலாம் என்று அறிவிப்பின் இரண்டாம் பக்கத்திலேயே போட்டிருந்தது. ஜீனத் விரல்விட்டு எண்ணவில்லை. எண்ண வேண்டிய கணக்கா அது? "ரொம்ப சந்தோஷம் யித்கா" என்றாள். ஓய்வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண் அழுவாள், அப்புறம் அவளைத் தேற்ற வேண்டும். தேற்றுவதற்கு அன்றைக்கு அவளிடம் தெம்பில்லை.

எசெனுடைய திட்டத்துக்குப் பணம் கிடைத்தது. ஜூலையில் யித்கா ஐந்து பேரோடு மண் துளைக்கும் குழாய்களை ஏற்றிக்கொண்டு சாரி-தாலாவுக்கு வந்தாள். முள் இல்லாத சுத்தமான நிலம் வேண்டும் என்றார்கள். அப்படிப்பட்ட இடம் ஊல்கானின் கூடாரத்துக்குக் கீழேயிருக்கிற ஒரு துண்டுதான் பாக்கி. ஜீனத்தே அவர்களைக் கூட்டிப்போனாள். யித்கா வந்து இறங்கியதும் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். இந்த முறை திட்டக் காகிதத்தில் இரண்டாவது பெயர் ஜீனத்துடையது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, இது பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்ற நினைப்பை மட்டும் அவளால் விரட்ட முடியவில்லை.

குழாய் மண்ணுக்குள் இறங்கும் சத்தம் கேட்டு ஊல்கான் குமிஸ் கலயத்தோடு இறங்கி வந்தாள். எல்லோருக்கும் கிண்ணம் கொடுத்துவிட்டு யித்காவுக்கு எதிரே நின்றாள்.

"அண்ணி, கேளு அவகிட்ட. முள்ளை எப்பப் பார்க்கப் போறாங்கன்னு கேளு."

ஜீனத் ரஷ்ய மொழியில் கேட்டாள். யித்கா கிண்ணத்தைக் கையில் வைத்தபடி அவளைச் சங்கடமாகப் பார்த்தாள்.

"இந்தத் திட்டத்துல அது இல்ல அக்கா. உனக்கே தெரியும்."

ஜீனத் நாத்தனார் பக்கம் திரும்பினாள். "இந்த மண்ணு வேலை முதல்ல முடியட்டுமாம். அதுல வர்ற விவரத்தை வச்சு அடுத்த வருஷம் முள்ளைத்தான் எடுக்கப் போறாங்களாம். வேலிகூடப் போடுவாங்களாம், மூணு விதமா. எந்த மேட்டுல போடலாம்னு உன்னைத்தான் கேப்பாங்க."

யித்கா வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். ஊல்கான் காலிக் கிண்ணத்தை இடுப்புத் துணியில் துடைத்தாள்.

"அவ ஒரு வரி பேசினா அண்ணி. நீ எனக்கு ஒரு பக்கம் சொல்றே."

"அவ மொழி அப்படி. சுருக்கமாச் சொல்லுவாங்க."

"சந்தையில இருபது வருஷமா ரஷ்யாக்காரங்களுக்கும் குமிஸ் விக்கறேன். அவங்க மொழியில 'இல்ல'ன்னா எனக்குத் தெரியாதா?"

ஜீனத் அவளைப் பார்த்தாள். "அப்ப முன்னாடியெல்லாம்...?"

"முன்னாடியும் தெரியும். அந்த ஜப்பான்காரர், அந்தப் பூச்சிக்காரங்க, ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் கேக்கச் சொன்னேனே. யாருமே ஒருநாளும் அடுத்த வருஷம்னு சொன்னதில்ல. நீதான் சொன்னே."

"ஏண்டி ஒரு தடவைகூடச் சொல்லல?"

"அதைச் சொல்றப்ப உன் மூஞ்சி நல்லா இருக்கும். எனக்கும் கேக்க நல்லா இருந்துச்சு." ஊல்கான் கலயத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, போகாமல் நின்றாள். "இந்தத் தடவை நீ சரியாச் சொல்லல. மறுபடி சொல்லு."

ஜீனத் சொல்லப் பார்த்தாள். அடுத்த வருடம் என்ற இரண்டு சொல்தான். அவை வரவில்லை. அவள் மேட்டில் பூத்து மஞ்சளாக நின்ற முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே குழாய்க்குப் பக்கத்திலிருந்து யித்கா "அக்கா" என்று கூப்பிட்டாள். யாரும் திரும்பாததால் இன்னொரு முறை கூப்பிட்டாள்.